சிடிசியின் நாகர் கட்டு: ஒரு கமாண்டர் கட்டை உருவாக்கிய பதிவு

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் இடுப்புக்கு மேல் மனிதராகவும் கீழே பாம்பாகவும் வரும் நாகர்களை வைத்து நான் உருவாக்கி வந்த கமாண்டர் கட்டு இப்போது நான் எண்ணியபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. நான்காம் சுற்றில் தலைமைச் சீட்டான சிடிசி களமிறங்குகிறாள், எட்டாம் சுற்றுக்குள் என் பக்கம் ஜாம்பிகள் வரிசையாக நிற்கிறார்கள், எதிராளி என் படையை ஒருமுறை முற்றிலும் அழித்தாலும் மீண்டும் எழ முடிகிறது. இந்த நிலைக்கு வருவதற்கு முன் கட்டின் பாதிக்கு மேற்பட்ட சீட்டுகள் மாறின. எவை போயின, எவை நின்றன, ஏன் என்பதையும், உறை, பெட்டி, ஆட்டத்தின் நடுவே உருவாகும் உயிரினத்தைக் குறிக்கும் அட்டையான டோக்கன் ஆகியவற்றுக்கான அளவுகளையும் செலவையும் வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

கமாண்டர் ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள் போதும். தலைமைச் சீட்டையும் சேர்த்து 100 சீட்டுகள். சீட்டுகளை இறக்கத் தேவையான மானா என்ற ஆற்றலைத் தரும் அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி 40. தலைமைச் சீட்டு கட்டுக்குள் கலையாமல் தனியே மேசையில் இருக்கும். அது இறந்தால் மீண்டும் இறக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் 2 மானா கூடுதலாகச் செலுத்த வேண்டும். தலைமைச் சீட்டில் உள்ள நிறங்களைத் தாண்டி வேறு நிறச் சீட்டு கட்டில் வரக்கூடாது. பயன்பட்டு முடிந்தவையும் இறந்தவையும் சேரும் குவியலை இந்தப் பதிவு முழுவதும் இடுகாடு என்றே குறிப்பிடுகிறேன்.

என் தலைமைச் சீட்டு சிடிசி, ப்ரூட் டைரன்ட். 2014 செப்டம்பரில் வெளிவந்த கான்ஸ் ஆஃப் டார்கீர் தொகுப்பில், கருப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களைக் கொண்ட சுல்தாய் குலத்தின் தலைவியாக அவள் வருகிறாள். விலை 4 மானா, உடல் 3/3, அதாவது பலம் 3, தாங்குதிறன் 3. களத்துக்கு வரும்போதும் தாக்கும்போதும் என் கட்டின் மேலிருந்து மூன்று சீட்டுகளை நேராக இடுகாட்டுக்குத் தள்ளுவாள். கட்டிலிருந்து இடுகாட்டுக்கு உயிரினச் சீட்டு ஒன்றோ பலவோ சேர்ந்து போகும்போதெல்லாம் எனக்கு 2/2 கருப்பு ஜாம்பி டோக்கன் ஒன்று கிடைக்கும். ‘ஒன்றோ பலவோ’ என்ற அந்தச் சொற்களில்தான் இந்தக் கட்டின் முழு வடிவமும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கட்டமாக, கிடைத்த நாகர்களையெல்லாம் சேர்த்தேன். டார்கீரின் நாகர்கள், 2017 ஏப்ரலில் வந்த அமோன்கேட் தொகுப்பின் நாகர்கள், அதே ஆண்டு ஜூலையில் வந்த அவர் ஆஃப் டெவஸ்டேஷன் தொகுப்பின் நாகர்கள் என மூன்று குவியல்கள் மேசையில் சேர்ந்தன. நாகா என்ற உயிரின வகையை விதிப்பதிவிலிருந்து நீக்கி, அந்தச் சீட்டுகளையெல்லாம் ஸ்னேக் வகைக்குள் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் சேர்த்துவிட்டதால், நான்காவதாக ஒரு குவியலும் வந்தது: 2004இல் வெளிவந்த சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா தொகுப்பின் ஒரோச்சிகள். நான்கு கைகளோடு காட்டில் வாழும் பாம்பு மனிதர்கள் அவர்கள். பழைய நாகர் சீட்டில் அச்சாகியிருப்பது நாகா என்றாலும் ஆட்டத்தில் அது ஸ்னேக்காகவே கணக்கில் வருகிறது. ஆகவே ஸ்னேக்குகளுக்கு +2/+2 தரும் செஷிரோ த அனாயின்டட் இப்போது சிடிசியையும் பலப்படுத்துகிறார். இந்த மாற்றம் என்னைப் போன்ற நாகர் பிரியர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு என்றே கருதுகிறேன். அதுவரை தனித்தனியே கிடந்த உறவினர்கள் ஒரே கட்டில் உட்கார முடிந்தது.

முதல் வடிவத்தில் நிலங்கள் 36, உயிரினங்கள் 24, மற்றவை 39 இருந்தன. உயிரினங்களில் ஏறக்குறைய எல்லாமே நாகர்கள் அல்லது ஒரோச்சிகள். ‘மற்றவை’ என்ற பகுதியில் எதிராளியின் உயிரினத்தை அழிப்பவை, மந்திரத்தைத் தடுப்பவை, சீட்டு எடுத்துத் தருபவை என நல்ல சீட்டுகளாகவே நிரப்பியிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்டத்தில் சிடிசி வந்து மூன்று சீட்டுகளைப் புரட்டுவாள், ஒரு நிலம், ஒரு மந்திரம், இன்னொரு நிலம் என்று விழும், ஜாம்பி வராது. அடுத்த சுற்றில் அவள் தாக்கப் போனால் எதிரே 4/4 உடலோடு ஒன்று நிற்கும், அவள் இறப்பாள், மறுமுறை இறக்க 6 மானா தேவைப்படும்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 99 சீட்டுகளில் 24 உயிரினங்கள் இருந்தால், மூன்று சீட்டுகளைப் புரட்டும்போது குறைந்தது ஓர் உயிரினமாவது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 57 விழுக்காடு. நான்கு மானா செலவிட்டு இறக்கும் தலைவி பாதிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில்தான் வேலை செய்கிறாள் என்பது அதன் பொருள். உயிரினங்களை 40 ஆக உயர்த்தினால் அதே வாய்ப்பு 79 விழுக்காடாகிறது. 42க்குப் போனால் 81. நாற்பதுக்கு மேல் ஒவ்வொரு சீட்டும் கூட்டித் தருவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே என்பதால் 40 என்ற எண்ணில் நின்றேன். நிலங்களை 37 ஆக்கினேன். தொடக்கக் கையில் உள்ள ஏழு சீட்டுகளில் சராசரியாக 2.6 நிலங்கள் வரும். மீதமுள்ள 22 இடங்களில்தான் மற்ற எல்லாம் அடங்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் கழிக்கும் வேலை. இதில்தான் மிகுந்த நேரம் போயிற்று, ஏனெனில் எனக்குப் பிடித்த ஓவியங்கள் உள்ள சீட்டுகளையே நான் கழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாகர் சீட்டையும் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இது களத்துக்கு வரும்போது என்ன செய்கிறது? இது களத்துக்கே வராமல் நேராக இடுகாட்டுக்குப் போனால் எனக்கு என்ன இழப்பு? சாகு ஆர்ச்சர் 5 மானாவுக்கு 2/5 உடலும் பறப்பவற்றைத் தடுக்கும் திறனும் மட்டுமே தருகிறது, கழித்தேன். கேரு ஸ்பெல்ஸ்னாட்சர் எதிராளியின் மந்திரத்தைப் பறித்து எனக்கே தரும் அருமையான சீட்டு, ஆனால் முகம் மறைத்து இறக்க 3 மானா, திருப்ப 6 மானா என ஒன்பது மானா கேட்கிறது. அந்த ஆறு மானாவை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொண்டு மற்ற எதையும் இறக்காமல் காத்திருப்பது இந்தக் கட்டின் இயல்புக்கு ஒத்துவரவில்லை. கார்சி டிசீவர் தரும் மானா முகம் மறைத்த சீட்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால் ஸ்னாட்சர் போனவுடன் அதுவும் போயிற்று. சைட்வைண்டர் நாகாவின் பலம் பாலைவன நிலங்களை நம்பியது; மூன்று நிறக் கட்டில் பாலைவனங்களுக்கு இடம் ஒதுக்க முடியாது.

சுல்தாய் ஃபிளேயர் பற்றி மட்டும் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் குலத்தின் பெயரையே தாங்கிய அந்தச் சீட்டு இந்தக் கட்டுக்கு உரியதைப் போலவே தோற்றமளிக்கும். என் பக்கம் தாங்குதிறன் 4 அல்லது அதற்கு மேல் உள்ள உயிரினம் சாகும்போது 4 உயிர்ப்புள்ளி தரும். ஆனால் என் படையில் பெரும்பாலோர் 2/2 ஜாம்பிகள். அவர்கள் எத்தனை பேர் இறந்தாலும் ஃபிளேயர் அசைவதில்லை. பல ஆட்டங்களில் அது மேசையில் வெறும் 3/4 உடலாகவே நின்றதைப் பார்த்த பிறகு எடுத்துவிட்டேன்.

நின்ற நாகர்களில் டார்கீரைச் சேர்ந்தவை குறைவு. பெரும்பாலானவை அமோன்கேட்டிலிருந்து வந்தவை. சிடிசியின் கட்டைத் தாங்கியவர்கள் அவளது குலத்தாரைவிட எகிப்தியச் சாயல் கொண்ட வேற்றுலகின் பாலைவன நாகர்களே என்பது இந்த வேலையில் நான் கண்டுகொண்ட முதன்மையான செய்தி. நாகா வைட்டலிஸ்ட் 2 மானாவுக்கு வந்து, என் நிலங்கள் தரக்கூடிய எந்த நிற மானாவையும் தருகிறது. நாகா ஆரக்கிள் கட்டின் மேல் உள்ள மூன்று சீட்டுகளைப் பார்த்து, வேண்டியவற்றை மேலேயே வைத்து, வேண்டாதவற்றை இடுகாட்டுக்கு அனுப்ப விடுகிறது; அனுப்பியவற்றில் உயிரினம் இருந்தால் சிடிசி ஜாம்பி தருகிறாள். ரமுனாப் எக்ஸ்கவேட்டர் இடுகாட்டில் கிடக்கும் நிலங்களை அங்கிருந்தே இறக்க வழி செய்கிறது, ஆகவே புரட்டும்போது விழும் நிலங்கள் வீணாவதில்லை. விசியர் ஆஃப் த மெனாஜரி கட்டின் மேல் உயிரினச் சீட்டு இருந்தால் அதைக் கைக்கு எடுக்காமலேயே இறக்க விடுகிறது. எந்த நிற மானாவைக் கொண்டும் அந்த விலையைச் செலுத்தலாம். 40 உயிரினங்கள் உள்ள கட்டில் அந்த ஒரு சீட்டு ஒரே சுற்றில் இரண்டு மூன்று சீட்டுகளுக்குச் சமமாக உழைக்கிறது.

சாம்பியன் ஆஃப் விட்ஸ் பற்றிய ஒரு நுணுக்கத்தை இங்கே பதிவது தேவை. அந்த நாகர் களத்துக்கு வரும்போது அதன் பலத்தின் அளவுக்குச் சீட்டு எடுத்து, பிறகு இரண்டு சீட்டுகளைக் கையிலிருந்து போட வேண்டும். அப்படிக் கையிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் உயிரினத்துக்குச் சிடிசி ஜாம்பி தரமாட்டாள். கட்டிலிருந்து போனால் மட்டுமே தருவாள். இருந்தும் அதை வைத்திருக்கிறேன், ஏனெனில் அது இடுகாட்டில் விழுந்தால் 7 மானா செலுத்தி 4/4 உடலாக எழுப்பி நான்கு சீட்டுகள் எடுக்க முடியும். களத்துக்கு வந்தாலும் பயன், நேராக விழுந்தாலும் பயன் என்ற என் இரண்டு கேள்விகளுக்கும் முழுமையாக விடை சொன்ன சீட்டு அதுதான்.

டார்கீரிலிருந்து இருவர் உறுதியாக நின்றனர். சுல்தாய் சூத்சேயர் 5 மானாவுக்கு வந்து மேல் நான்கு சீட்டுகளில் ஒன்றைக் கைக்கும் மூன்றை இடுகாட்டுக்கும் அனுப்புகிறது. 2015இல் வந்த டிராகன்ஸ் ஆஃப் டார்கீர் தொகுப்பின் சிடிசி, அன்டெட் விசியர், அதாவது வரலாறு மாறியதில் இறந்தும் எழுந்தவளான அதே சிடிசி, களத்துக்கு வரும்போது ஓர் உயிரினத்தைப் பலியிட்டால் கட்டு முழுவதிலும் தேடி எனக்கு வேண்டிய எந்தச் சீட்டையும் கைக்கு எடுக்கலாம். தலைவி சிடிசி உண்டாக்கிய ஜாம்பியை இறந்த சிடிசிக்குப் பலி கொடுப்பது கதையளவிலும் ஆட்டத்தளவிலும் எனக்கு மிகவும் பிடித்த தருணம்.

ஒரோச்சிகளில் சாகுரா-டிரைப் எல்டர் எந்தப் பச்சைக் கட்டிலும் இருக்கத் தக்கது. ஒரு தாக்குதலை அது தடுத்து நின்றபின், அடி விழும் முன்பே அதைப் பலியிட்டு அடிப்படை நிலம் ஒன்றைத் தேடி எடுக்கலாம். அடியும் என்மேல் விழாது, நிலமும் கிடைக்கும். சாச்சி, டாட்டர் ஆஃப் செஷிரோ ஷாமன் என்ற வகையைச் சேர்ந்த என் உயிரினங்கள் அனைத்துக்கும் இரண்டு பச்சை மானா தரும் திறனைக் கொடுக்கிறாள். சிடிசி, எல்டர், சூத்சேயர், இடுகாட்டிலிருந்து ஒரு சீட்டைக் கைக்கு மீட்டுத் தரும் எட்டர்னல் விட்னஸ், சாச்சி என ஐவர் ஷாமன்கள். சிடிசி தாக்கச் செல்லாமல் பின்னால் இருந்து மானா தருவது முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் 3/3 உடலைத் தாக்குதலில் இழந்து 6 மானா கொடுத்து மீட்பதைவிட, இருந்த இடத்திலிருந்தே இரண்டு மானா தருவது பல சமயம் லாபம். இவர்களோடு காய்லிங் ஆரக்கிளும், 2001இல் வந்த அப்போகலிப்ஸ் தொகுப்பில் உள்ள, வரும்போது ஒரு மந்திரத்தைத் தடுக்கும் மிஸ்டிக் ஸ்னேக்கும் சேர்ந்தன. செஷிரோவை மட்டும் வருத்தத்தோடு எடுத்தேன்: 6 மானா கொடுத்து வரும் அவர் ஜாம்பிகளுக்கு எதுவும் செய்வதில்லை.

இனி அந்த ‘ஒன்றோ பலவோ’ என்ற சொற்கள். இரண்டாம் வடிவத்தில் டெட்பிரிட்ஜ் சான்ட் என்ற 6 மானாச் சீட்டை வைத்திருந்தேன். அது வரும்போது கட்டின் மேலிருந்து பத்துச் சீட்டுகள் ஒரே வீச்சில் இடுகாட்டுக்குப் போகும். அந்தப் பத்தில் நான்கு உயிரினங்கள் இருந்தாலும் கிடைப்பது ஒரே ஒரு ஜாம்பிதான், ஏனெனில் அவை ஒன்றாகப் போயின. பெரிய வீச்சு ஒன்றைவிடச் சிறிய தள்ளல்கள் பல நடப்பதே சிடிசிக்கு உகந்தது. இதை விளங்கிக்கொண்ட பிறகு 22 இடங்களின் ஒதுக்கீடும், நாகரல்லாத உயிரினங்களின் தேர்வும் தலைகீழாக மாறின.

2003இல் வந்த மிரோடின் தொகுப்பின் மெஸ்மெரிக் ஆர்ப் 2 மானாதான். பக்கவாட்டில் திருப்பி வைத்த எந்தச் சீட்டு நிமிரும்போதும் அதைக் களத்தில் வைத்திருப்பவர் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டை இடுகாட்டுக்குத் தள்ளுவார். எட்டு நிலங்கள் நிமிர்ந்தால் எட்டுத் தனித்தனித் தள்ளல்கள். ஒவ்வொன்றிலும் உயிரினம் விழும் வாய்ப்பு 40 விழுக்காடு. ஆக ஒரு சுற்றின் தொடக்கத்தில் சராசரியாக மூன்று ஜாம்பிகளுக்கு மேல். அது எல்லா ஆட்டக்காரர்களின் கட்டையும் கரைக்கும் என்பதால், இடுகாட்டைப் பயன்படுத்தும் எதிராளி மேசையில் இருந்தால் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்ப் இல்லாத ஆட்டங்களில் உழைப்பது மூன்று சீட்டுகளின் கூட்டணி. ஹெட்ரான் கிராப் என்ற 1 மானா நண்டு, என் பக்கம் ஒரு நிலம் களத்துக்கு வரும்போதெல்லாம் ஓர் ஆட்டக்காரரின் கட்டிலிருந்து மூன்று சீட்டுகளைத் தள்ளும். நான் என்னையே குறிப்பேன். எவால்விங் வைல்ட்ஸ் என்ற நிலத்தை இறக்கினால் ஒரு முறை, அதைப் பலியிட்டு அடிப்படை நிலம் எடுத்தால் இன்னொரு முறை. ரமுனாப் எக்ஸ்கவேட்டர் உடனிருந்தால் அடுத்த சுற்றில் அதே எவால்விங் வைல்ட்ஸை இடுகாட்டிலிருந்து மீண்டும் இறக்கலாம். சுற்றுக்கு இரண்டு தள்ளல், ஒவ்வொன்றுக்கும் 79 விழுக்காடு, ஆக சிடிசி தாக்காமலேயே சுற்றுக்கு ஒன்றரை ஜாம்பிக்கு மேல். இதில் இன்னொரு பயனும் உண்டு. மெனாஜரியின் விசியர் களத்தில் இருக்கும்போது கட்டின் மேல் நிலமோ மந்திரமோ வந்து வழியை அடைத்தால், நண்டு அந்த மூன்றையும் தள்ளி வழியைத் திறந்துவிடுகிறது. ஒருமுறை மேலிருந்த காட்டு நிலம் விலகியதும் மிஸ்டிக் ஸ்னேக் தெரிந்தது; எதிராளி ஆட்டத்தை முடிக்க வைத்திருந்த மந்திரத்தை அவருடைய சுற்றில் கட்டின் மேலிருந்தே அதை இறக்கித் தடுத்தேன். கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் ஒரு மந்திரத்தைத் தடுக்க முடிவது இந்தக் கட்டின் தனித்தன்மை.

ஜாம்பிகளைக் கொண்டு ஆட்டத்தை முடிக்க அமோன்கேட்டின் லார்ட் ஆஃப் தி அக்கர்ஸ்டும் டயர்கிராஃப் கேப்டனும் உள்ளன. இரண்டும் மற்ற ஜாம்பிகளுக்கு +1/+1 தருபவை. ஸ்டிட்சர்ஸ் சப்ளையர் 1 மானாவுக்கு வந்து, வரும்போதும் சாகும்போதும் மூன்று சீட்டுகளைத் தள்ளுகிறது. நிலங்களில் ஓபுலன்ட் பேலஸ், ஜாகோத் டிரையோம், கமாண்ட் டவர், லானோவர் வேஸ்ட்ஸ், எவால்விங் வைல்ட்ஸ், டெராமார்ஃபிக் எக்ஸ்பான்ஸ் ஆகியவை தவிர மற்றவை பெரும்பாலும் அடிப்படை நிலங்கள். பச்சை தொடக்கத்திலேயே தேவைப்படுவதால் காடுகள் மற்ற இரண்டையும்விடக் கூடுதல்.

சீட்டுகள் முடிவானபின் கைவேலை. ஒரு சீட்டின் அளவு 63 × 88 மி.மீ., தடிமன் ஏறத்தாழ 0.3 மி.மீ. இந்தக் கட்டில் ஒரு சுற்றில் பல முறை சீட்டுகள் இடுகாட்டுக்குப் போகின்றன, நிலம் தேடியபின் ஒவ்வொரு முறையும் கட்டைக் கலைக்க வேண்டியிருக்கிறது, ஆகவே மற்றக் கட்டுகளைவிட இதற்குத் தேய்மானம் அதிகம். இரட்டை உறை போட்டேன். 64 × 89 மி.மீ. உள்ளுறையைச் சீட்டின் மேற்பக்கத்திலிருந்து மாட்ட வேண்டும், அதன் வாய் கீழே இருக்கும். 66 × 91 மி.மீ. வெளியுறையைக் கீழிருந்து மாட்ட வேண்டும், அதன் வாய் மேலே இருக்கும். இரண்டு வாய்களும் எதிரெதிராக இருந்தால்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகாது. மாட்டி முடித்ததும் உள்ளே காற்று தங்கி ஒவ்வொரு சீட்டும் உப்பியிருந்தது. பத்துப் பத்தாக அடுக்கி, நடுவிலிருந்து வாய்ப்பக்கமாக விரலால் நீவி, கனமான அகராதி ஒன்றின் அடியில் இரவு முழுவதும் வைத்த பிறகு 100 சீட்டுகளின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 65 மி.மீ. ஆயிற்று.

பளபளப்பு அச்சுச் சீட்டுகள் தனித் தொல்லை. என்னிடம் சிடிசியும் சூத்சேயரும் ஃபாயில் வகை. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் காகிதப் பகுதி ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, முகத்தில் ஒட்டிய உலோகப் படலம் விரிவதில்லை, ஆகவே சீட்டு முகப்பக்கமாக வளைகிறது. சிடிசி தனியே மேசையில் இருப்பதால் அவள் வளைவால் கெடுதி இல்லை. சூத்சேயர் கட்டுக்குள் இருந்தது. யார் வெட்டினாலும் கட்டு அந்தச் சீட்டில்தான் பிரிந்தது. விரலால் தொட்டே அடுத்து வருவது எது என்று தெரிந்துவிடும் கட்டு, ஆடுவோர் எவருக்கும் நியாயமானதன்று. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அதை வைத்தேன். சீட்டு நிமிர்ந்தது, ஆனால் நீண்ட நேரம் விட்டதில் எதிர்ப்பக்கமாகச் சற்று வளைந்தது. வெளியே எடுத்து எடையின் கீழ் வைத்ததும் சமமாயிற்று. அடுத்த ஈரமான வாரத்தில் மீண்டும் வளைந்தபோது, சாதாரண அச்சில் உள்ள சூத்சேயர் ஒன்றை மலிவாக வாங்கிக் கட்டில் சேர்த்தேன். பளபளப்புச் சீட்டு இப்போது சேகரிப்புக் கோப்பில் இருக்கிறது.

ஜாம்பி டோக்கன்களை நானே செய்தேன். 300 ஜி.எஸ்.எம். தடித்த தாளில் ஏ4 ஒன்றுக்கு மூன்றுக்கு மூன்றாக ஒன்பது டோக்கன்கள் கிடைக்கும். எஃகு அளவுகோலும் கத்தியும் கொண்டு 63 × 88 மி.மீ. அளவில் வெட்டி, 3 மி.மீ. ஆரமுள்ள மூலை வெட்டியால் மூலைகளை வளைத்தேன். கத்தியை ஒரே அழுத்தில் இழுத்தால் தாளின் அடிப்பக்கம் நார்நாராகக் கிழிகிறது. லேசாக மூன்று முறை இழுப்பது நல்ல விளிம்பு தருகிறது. அக்ரிலிக் வண்ணத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பாம்புச் சுருளும் அதன் நடுவே ஒரு சாம்பல் நிறக் கையும் வரைந்தேன். சுருளின் வடிவத்தை அரசமரத்தடி நாகர் கற்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவற்றில் சிலவற்றில் இடுப்புக்கு மேல் மனிதரும் கீழே பாம்புமாக நாகினி செதுக்கப்பட்டிருப்பாள். அந்த வாலின் மடிப்புகள் எந்தத் திசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்பதை நேரில் பார்த்து வரைந்ததால்தான் சுருள் சரியாக அமைந்தது. இரண்டு தாள்களில் 18 டோக்கன்கள் ஆயின. அதற்கு மேல் ஜாம்பிகள் சேர்ந்தால் ஒரு டோக்கன்மீது பகடையை வைத்து எண்ணிக்கையைக் காட்டுகிறேன்.

பெட்டிக்கு 2 மி.மீ. சாம்பல் நிற அட்டை. கட்டு 65 மி.மீ., ஒற்றை உறையிட்ட டோக்கன்கள் ஏறத்தாழ 10 மி.மீ., விரல் விட்டு எடுக்க 5 மி.மீ. என உள்நீளம் 80 ஆயிற்று. உள்ளகலம் 70, உள்ளுயரம் 94. புறச்சுவர் அளவு 74 × 84 வருகிறது. மூடியின் உள்ளளவை 75 × 85 என வைத்து வெட்டினேன். அட்டையாக இருந்தவரை அது சரியாக உட்கார்ந்தது, பருத்தித் துணி ஒட்டிய பிறகு இறங்கவே இல்லை. துணியும் பசையும் சேர்ந்து நீள அகலங்களில் ஒரு மி.மீ.க்கும் சற்று மேலாகக் கூட்டிவிட்டிருந்தன. இரண்டாம் மூடியை 76 × 86 என வெட்டியதும் மெதுவாக, காற்று வெளியேறும் ஓசையோடு இறங்கியது. துணியை ஒட்டும்போது ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் கலந்து தூரிகையால் அட்டையில் தடவ வேண்டும். துணியில் தடவினால் பசை மறுபக்கம் ஊறிக் கறையாகிறது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய். அதில் நாகர்களும் ஒரோச்சிகளும் சிறிய பங்கு, பெரும்பாலானவை பத்து இருபது ரூபாய்ச் சீட்டுகள். மூன்று நிறம் தரும் நிலங்களும் மெனாஜரியின் விசியரும் ஆர்ப்பும்தான் பெரும்பங்கை விழுங்கின. வெளியுறை 800, உள்ளுறை 450, அட்டை துணி பசை 250, தாளும் வண்ணமும் 200, சிலிக்கா ஜெல்லும் டப்பாவும் 150. மொத்தம் 7,850 ரூபாய். கழித்த சீட்டுகளுக்குக் கொடுத்தது இதில் சேரவில்லை.

மறுமுறை இப்படி ஒரு கட்டைத் தொடங்கினால் எந்தச் சீட்டையும் வாங்கும் முன் வெற்றுத்தாளில் பெயர் எழுதி, பழைய சீட்டின்மேல் உறைக்குள் செருகி ஆடிப் பார்ப்பேன். உயிரின எண்ணிக்கைக் கணக்கை முதலிலேயே போடுவேன். ஃபாயில் சீட்டைத் தலைமைச் சீட்டுக்கு மட்டுமே வாங்குவேன். கட்டில் இன்னும் தீராத ஒரு குறை உண்டு. பொஜுகா பாக் என்ற நிலத்தை எதிராளி இறக்கி என் இடுகாட்டையே ஆட்டத்திலிருந்து நீக்கும்போது ஜாம்பிகள் மேசையில் மிஞ்சுகிறார்கள், ஆனால் எக்ஸ்கவேட்டருக்கும் விட்னஸுக்கும் வேலை இல்லாமல் போகிறது. அதற்காகக் கைக்கே சீட்டு தரும் நாகர்களைக் கூட்டிப் பார்க்கிறேன்: தாக்கும்போது களைப்பை ஏற்று, அதாவது அடுத்த சுற்றில் நிமிராமல் கிடக்க ஒப்புக்கொண்டு, சீட்டு எடுக்கும் வாட்ச்ஃபுல் நாகாவும், தாக்கும் உயிரினங்களுக்கு, அடித்த உயிரினத்தைக் கொல்லும் நச்சுத்தீண்டலும் அடி விழுந்தால் சீட்டும் தரும் ஓரான் ஃப்ராஸ்ட்ஃபாங் என்ற பாம்பும் இப்போது சோதனையில் உள்ளன. அவற்றுக்காக இரண்டு மந்திரங்களை எடுத்ததில் உயிரினங்கள் 42 ஆகிவிட்டன, மற்றவை 20 ஆகக் குறைந்துள்ளன. எதிராளியின் பெரிய உயிரினத்தை அழிக்க வழியில்லாமல் தவிக்கும் ஆட்டங்கள் கூடுகின்றனவா என்று பார்த்த பிறகே அவற்றை நிலைப்படுத்துவேன்.